மூன்றாவது சிலிண்டருக்காகத் திருப்பதி போனது

திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போய், சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்ட வருஷம் அது. ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை திருப்பதிக்குக் கிளம்பினேன். சாமி கும்பிட அல்ல. அங்கே இருக்கும் என் அண்ணன் தன் காரை எனக்குத் தருவதாக எழுதியிருந்தார். கண்ணில் புரை விழுந்துவிட்டதாம். "விலை ஒன்றும் வேண்டாம், நீ வந்து எடுத்துக்கொள்" என்று கடிதம்.

எல்லைத் தகராறு நடந்தபோது, சித்தூரைச் சென்னையோடு சேர்க்கக் கோரிய மனுவில் கையெழுத்துப் போட மறுத்தவர் அவர். அதிலிருந்து ஏழு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. அப்படிப்பட்டவர் சும்மா ஒரு காரைத் தருகிறார் என்றால் எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் எனக்குப் பட்டது.

சித்தூரில் காலை ஆறேகால் பஸ். நாற்பத்துநாலு மைல், இரண்டு மணி இருபது நிமிஷம், டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது நயா பைசா. இடப்பக்கம் உட்காருங்கள்; வெயில் படாது, சந்திரகிரி தாண்டியதும் மலையும் தெரியும். நான் பார்க்கவில்லை. அண்ணனிடம் என்னென்ன கேட்பது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அலிபிரி போகும் சாலையில் மெக்கானிக் முனிரத்தினத்தின் ஷெட். அண்ணன் காரோடு வந்து காத்திருந்தார். "சாப்ட்டியா?" என்றார். நான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும் என்றேன்.

"பொண்ணு பாக்க வர்றவன்கூட இவ்ளோ பாக்கமாட்டாண்டா" என்று சிரித்தார்.

பழைய கார் வாங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து, ஸ்டார்ட்டரை இழுத்து எஞ்சினைச் சுற்றவிட வேண்டும். சிலிண்டர் எவ்வளவு காற்றை அழுத்துகிறது என்று முள் காட்டும். நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எஞ்சின் நல்லது. ஒன்று மட்டும் இறங்கினால் வால்வோ ரிங்கோ போயிருக்கலாம். முக்கியமானது, சுற்றும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாது.

மிதிக்கும் வேலை எனக்கு. முனிரத்தினம் தெலுங்கில் ஆரம்பித்தார். "எங்கிட்ட தமிழ்லயே பேசுப்பா" என்று வெடுக்கென்று சொன்னேன். அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"சரி சார். நம்பர் சொல்றேன், சொன்னதும் இழுங்க. ஒண்ணு!"

இழுத்தேன். நூற்றெட்டு பவுண்டு.

"ரெண்டு!" நூற்றாறு.

"மூடு!"

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை இழுத்தேன். அறுபத்திரண்டு.

முனிரத்தினம் அடுத்து என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. கீழே இறங்கி, "செத்த எஞ்சினைத் தம்பி தலையில கட்டப் பாத்தீங்களா? அன்னைக்கு ஊரை வித்தீங்க, இன்னைக்கு என்னை" என்றேன். அதை எத்தனையோ வருஷமாக வைத்திருந்தேன் போல, தடையில்லாமல் வந்தது.

"ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி ரிங்கா வால்வான்னு பாக்கலாம் சார், இருங்க" என்றார் முனிரத்தினம்.

அண்ணன் அவரைக் கையமர்த்தினார். "சாவி வண்டியிலயே கீது. வேணும்னா எடுத்துக்கினு போ, வேணாம்னா உட்டுட்டுப் போ." குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சாலையோரமாகவே.

முனிரத்தினம் கேஜைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சார், காலை எடுத்துட்டீங்களா?"

"நீதானே ஆக்ஸிலரேட்டரை மூடுன்னே?"

"அய்யோ, மூடுன்னா மூணு சார்! தெலுங்குல எண்ணிட்டேன். ரெண்டுங்கறது ரெண்டு பாஷைக்கும் ஒண்ணுதானே, அடுத்தது அப்படியே வாயில வந்துட்ச்சி. சித்தூர்க்காரருக்கு மூடு தெரியாதா?"

தெரியும். சித்தூர் கோர்ட்டில் பாதி வழக்கு நான் தெலுங்கில்தான் பேசுகிறேன். அன்று தமிழ்தான் கேட்பேன் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

மறுபடி மிதித்துப் பார்த்தோம். மூன்றாவது நூற்றேழு. நாலாவதும் நூற்றேழு.

அண்ணன் வீடு அங்கிருந்து அரை மைல். போயிருக்கலாம். என்ன சொல்வது என்று வாசலில் நிற்பதை நினைத்தபோது கை காரைச் சித்தூர்ப் பக்கமே திருப்பிவிட்டது. நாற்பத்துநாலு மைலும் எஞ்சின் ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. ஒன்றரை காலன் பெட்ரோல் ஆயிற்று. பாகாலாவில் டீ குடிக்க நிறுத்தியபோது கார்க் கதவின் பையில் கை விட்டேன். ஒரு காகிதத்தில் என்றைக்கு ஆயில் மாற்றியது, எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று அண்ணன் எனக்காக எழுதி வைத்திருந்தார், கண் தெரியாதவருடைய பெரிய பெரிய எழுத்தில்.

இப்படிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பெடலை மிதிப்பவரும் கேஜைப் பிடிப்பவரும் முதலில் ஒரே மொழிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். முள் இறங்கினால் இன்னொரு தடவை பாருங்கள். அதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதினைந்து நாள் கழித்துக் கார்டு வந்தது. வண்டி நன்றாக ஓடுவது குறித்து சந்தோஷம் என்று இரண்டே வரி. பிறந்ததிலிருந்து என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டவர், அதில் 'தாங்கள்' என்று எழுதியிருந்தார்.