பத்தொன்பதுக்கு அப்புறம் என்ன எண்

நெவீன் இஞ்சினியர் இல்லை, வணிகவியல் படித்தவள். ஆனாலும் அலெக்ஸாண்டிரியாவில், மன்ஷிய்யா சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவளுடைய சின்னக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளை "இஞ்சினியரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருடம் திருத்திப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். பதினோரு வருடமாக அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம். நோயாளி டிஸ்கை நோண்டக் கூடாது. முதலில் அதை அச்சு அசலாக ஒரே பெரிய கோப்பாக நகல் எடுக்க வேண்டும். பிறகு இமேஜ் என்கிற அந்த நகலை லினக்ஸில் மவுண்ட் செய்து, அதையே ஒரு டிஸ்க் மாதிரி திறந்து பார்க்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை சட்டம் சரியாகத்தான் நடந்திருந்தது. அப்படியும் இமேஜ் திறக்கவில்லை.

எதிர் நாற்காலியில் ஸக்கி உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணன் ரிஃபாத் மினிபஸ் ஓட்டுநர். ஒரு காய்கறி வண்டிக்காரரை இடித்துவிட்டான் என்று நான்கு நாளாக உள்ளே வைத்திருந்தார்கள். மினிபஸ் நின்றுகொண்டுதான் இருந்தது, அவர்தான் சறுக்கி வந்து மோதினார் என்பது ரிஃபாத்தின் பேச்சு. எதிரே இருந்த பழச்சாறுக் கடையின் கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவு இருந்த டிஸ்கைத்தான் ஸக்கி முந்தாநாள் கொண்டுவந்து கொடுத்திருந்தான். இரண்டு மணிக்கு வழக்கு அதிகாரி முன் விசாரணை. அதற்குள் பதிவைக் காட்டாவிட்டால் காவலை இன்னும் பதினைந்து நாள் நீட்டிவிடுவார் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

இப்போது மணி பதினொன்று.

"டிஸ்கையே நேரா மாட்டிப் பாத்தா என்ன இஞ்சினியரம்மா?"

"அது நேத்தே செத்துப்போச்சுப்பா. நகல் எடுத்து முடிச்சதும் உசுரு போயிருச்சு. இனிமே நமக்கு இந்த இமேஜ்தான் இருக்கு."

இமேஜிலும் ஒரு ஓட்டை. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று டிஸ்கின் தலையில் ஒரு பட்டியல் இருக்கும். நகல் எடுக்கும்போது அந்த இடம் படிக்க முடியாமல் வெறுமையாகிவிட்டது. நல்லவேளையாக, அவளோடு வேலை பார்க்கும் ஹைஸம் டிஸ்க் உயிரோடு இருந்தபோதே பட்டியலைப் பார்த்திருந்தான். கேமரா பதிவு இருக்கும் பகுதி எத்தனையாவது மெகாபைட்டில் தொடங்குகிறது என்பதை ஒரு துண்டு டேப்பில் எழுதி, டிஸ்க் முதுகில் ஒட்டியிருந்தான். நான்கே எண்கள். நெவீனுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. 1956. கப்பல் கால்வாயை நாட்டுடைமை ஆக்கிய வருடம், மறக்குமா?

அந்த எண்ணை பைட் கணக்குக்குப் பெருக்கி, படிக்க மட்டும் என்று குறிப்பிட்டு, மவுண்ட் கட்டளையை அடித்தாள். திரையில் பதில் வந்தது. கோப்பு முறை தவறு, அல்லது கட்டளை தவறு, அல்லது டிஸ்க் பழுது, அல்லது வேறு ஏதோ தவறு.

"வேறு ஏதோ தவறாம்! என்ன தவறுன்னு சொல்லித் தொலையேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பெருக்கலை மூன்று முறை சரிபார்த்தாள். இமேஜை இன்னொரு கணினிக்கு மாற்றினாள், அதற்கே முக்கால் மணி நேரம் போனது. அதே பதில். தொலைந்த பகுதிகளைத் தேடும் நிரலை ஓடவிட்டாள். முடிய ஆறு மணி நேரம் ஆகும் என்றது. ஹைஸமுக்குப் போன் போட்டாள். அவன் தங்கை கல்யாணத்துக்காகப் பத்து மணிக்குத்தான் மர்ஸா மத்ரூஹ் பஸ் ஏறியிருந்தான். வழியெல்லாம் பாலைவனம், தொடர்பே கிடைக்கவில்லை.

"உங்க ஆளு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிட்டாரு, எங்கண்ணன் காவல் நிலையத்துல காஞ்ச ரொட்டி தின்னுட்டிருக்கான்" என்றான் ஸக்கி.

"வாயை மூடிட்டு டீயைக் குடி."

ஒன்றரை ஆனது. ஸக்கி உட்கார முடியாமல் மேசையைச் சுற்றி வந்தான். டிஸ்கைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

"இதென்ன, நம்ம ஃபுட்பால் கிளப் ஆரம்பிச்ச வருஷத்தை எழுதி வச்சிருக்கீங்க? எழுதினவரும் அஹ்லி ரசிகர்தானா?"

"எந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு." தன் சிவப்புச் சட்டையின் நெஞ்சைக் காட்டினான். அங்கே 1907 என்று தைத்திருந்தது. டேப்பில் இருந்த அதே நான்கு உருவங்கள்.

நெவீனுக்கு முகம் சுட்டது. அரபு எண்ணில் ஐந்து என்பது ஒரு சின்ன வட்டம், பார்க்கப் பூச்சியம் மாதிரியே இருக்கும். ஆறு, மேற்கத்திய ஏழு மாதிரி இருக்கும். ஒன்றும் ஒன்பதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹைஸம் ஐந்து வருடம் துனீசியாவில் வேலை பார்த்தவன். அங்கே எல்லோரும் மேற்கத்திய எண்தான் எழுதுவார்கள். அவன் 1907 எழுதியிருந்தான். அவள் அதை அரபு எண்ணாக 1956 என்று படித்திருந்தாள்.

மறுபடி பெருக்கி அடித்தாள். திரை ஒரு வார்த்தை பேசவில்லை. லினக்ஸ் பேசாமல் இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். தேதி வாரியாகக் கோப்புறைகள் வந்து நின்றன. ஞாயிறு, காலை ஒன்பது மணி. நின்றுகொண்டிருக்கும் மினிபஸ். சறுக்கி வரும் காய்கறி வண்டி.

"அல்லாஹு அக்பர்!" என்று ஸக்கி மேசையைத் தட்டினான்.

"தட்டாதே, காப்பி ஆகுது!"

பென் டிரைவில் ஏறி முடிந்தபோது ஒன்று ஐம்பத்தைந்து. ஸக்கி ஓடினான். இரண்டரைக்குப் போன் வந்தது.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள அதிகாரி கையெழுத்துப் போட்டுட்டாரு இஞ்சினியரம்மா. பதினஞ்சு நாள். வக்கீல் மனு கொடுத்து பதிவைச் சேர்த்துட்டாரு. ஞாயித்துக்கிழமை பாத்து விட்டுருவாங்களாம். பதிவு இல்லேன்னா அவன் கதி என்னன்னு வேற சொன்னாரு. எங்கம்மா உங்களுக்கு துஆ செய்றாங்க."

நன்றி சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு என்றுதான் மனம் எண்ணியது. பதினொன்றுக்கே அந்த டேப்பைச் சரியாகப் படித்திருந்தால் ரிஃபாத் இன்று வீட்டில் சாப்பிட்டிருப்பான்.

நான்கு மணிக்கு ஹைஸம் கூப்பிட்டான். பின்னால் மேளச் சத்தம்.

"என்னக்கா, பதினாலு தடவை அடிச்சிருக்கீங்க? நம்பரைத்தான் டேப்புல எழுதி வச்சேனே!"

"எழுதினே, எழுதினே! டேய், இனிமே இந்தக் கடையில எவனாவது எண்ணை எண்ணா எழுதினா கையை ஒடிச்சிருவேன். எழுத்தால எழுது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழுன்னு, நீட்டி முழக்கி எழுது!"

"டேப் பத்தாதேக்கா."

"பெரிய டேப் வாங்கு!" என்று சொல்லிப் போனை வைத்தாள்.