எண்ணூருக்கு உளுவை பிடிக்கப் போனது

காலை ஆறு மணிக்கு வேளச்சேரியில் ரயில் ஏறினோம். டிக்கெட் பத்து ரூபாய். இவ்வளவு மலிவாக இவ்வளவு பயத்தை நான் இதுவரை வாங்கியதில்லை. வயது ஐம்பத்திரண்டு, நீச்சல் தெரியாது, குளியலறை வாளி தளும்பினாலே ஓரடி பின்வாங்குகிறவன். மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் ஐஸ், ஸ்பிரிட் ஊற்றிய சின்னச் சின்னக் குப்பிகள், ஒரு கத்தரிக்கோல்.

பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கோமதியுடையது. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் வாழும் உளுவை மீனின் துடுப்பில் நகக்கண் அளவு நறுக்கி, அதன் மரபணு முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படிக்கப் போகிறாள். பழவேற்காட்டு உளுவைகளை ஏற்கெனவே படித்தாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அனல்மின் நிலையத்துச் சுடுநீரிலும் சாம்பலிலும் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த மீனுக்குள் எந்த வரி மாறியிருக்கிறது என்று தெரியுமாம். பெட்டி தூக்க வேண்டிய மாணவனுக்கு அம்மை போட்டுவிட்டது. அடுத்த எளிய பிராணி நான்தான்.

கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினோம். எங்கள் அடுக்ககத்தில் சிங்கப்பூர் பார்க்காதவர்கள் குறைவு; தண்டையார்பேட்டை பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையமாக நகர, ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர்கள் அடுக்கடுக்காகக் கூடவே வந்தன. திருவொற்றியூர் தாண்டியதும் கெட்ட முட்டை நாற்றம் ஒன்று ரயில் பெட்டிக்குள் ஏறி, டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்துகொண்டது. நான் மூச்சை அடக்கினேன். எதிரே, வேலைக்குப் போகிற ஒருவர் இரக்கத்தோடு பார்த்தார்.

"எவ்ளோ நேரம் சார் புட்ச்சிகினு இருப்ப? எண்ணூரு இன்னும் மூணு ஸ்டேஷன் கீது."

விட்டேன், இழுத்தேன். இருமல் நின்றதும், "மீனுக்கெல்லாம் இது பழகிப்போயிருக்கும் இல்லையா?" என்று கோமதியிடம் கேட்டேன்.

"பழகலை. தாங்க முடியாததெல்லாம் செத்துப்போச்சு. எதேச்சையா தாங்கினது சிலது. இப்ப இருக்கிறது அதுங்களோட பிள்ளைங்க." ரயில் நேரத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு எண்ணூர். நிலையத்திலிருந்து மீனவர் குப்பம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். இரண்டு டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே எங்கள் ஆட்டோ புகுந்தபோது என் ஆயுள் காப்பீட்டுத் தொகையை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

கோமதி ஏற்பாடு செய்திருந்த படகுக்காரர் தேசப்பன் கரையில் காத்திருந்தார். பின்னால் பழுப்புத் தண்ணீர், தண்ணீருக்கு மேல் குழாய்கள், குழாய்களுக்கு அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். படகு என்று அவர் காட்டியது எங்கள் வீட்டுக் கட்டிலைவிடக் கொஞ்சம்தான் அகலம். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். காலியான குடிநீர்க் கேன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "கட்டிப் புட்ச்சிக்கோ நைனா. முழுவ வுடாது."

அப்போதுதான் தெய்வம்போல் வந்தார் அவர் மனைவி கன்னியம்மா, கையில் ஒரு கூடையோடு. விடியலிலேயே பிடித்தாயிற்றாம், மேடம் எதற்கு வெயிலில் போக வேண்டும் என்றார். கூடை நிறைய உளுவை. கேனைக் கீழே வைத்துவிட்டு மனதார அந்தக் குடும்பத்தை வாழ்த்தினேன். கோமதி குப்பிகளில் எண் ஒட்ட உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் மீன் வாங்குவது என் இலாகா. பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு சில்லு ஐஸ், கரையாமல் இருந்தது.

நாலடி தள்ளியிருக்கும் தண்ணீரில் பிடித்த மீனுக்கு ஐஸ் எதற்கு? கூடையைப் பார்த்தேன். படகைப் பார்த்தேன். அந்தச் சில்லு என் விரல் சூட்டில் கரைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சாட்சியே இருக்காது; நான் படகில் ஏறவும் வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு அழகான யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை. கோமதி முதல் மீனைக் கையில் எடுத்துக் கத்தரிக்கோலை விரித்தாள்.

"இந்த மீனு எங்க வாங்கினதும்மா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. கோமதிக்குக் கேட்டுவிட்டது.

கன்னியம்மா முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு, மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னார்: "காசிமேட்டு மார்க்கெட்ல வாங்கியாந்தேண்ணே. பழவேற்காட்டு மீனு. இங்க கீறது கலீஜு, அறுத்தா சாம்பலா வரும். காலேஜிலேர்ந்து வர்ற மன்சாளுக்கு அத்தையா குடுக்கறது?"

கோமதி மீனை மெதுவாகக் கூடையில் வைத்தாள். "இதை எடுத்துட்டுப் போயிருந்தா, ரெண்டு ஊர் மீனும் ஒண்ணுதான், இந்தத் தண்ணி எதையும் ஒண்ணும் பண்ணலைன்னு நான் எழுதியிருப்பேங்க" என்றாள். கன்னியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். தேசப்பன் படகை அவிழ்த்தார்.

அடுத்த இரண்டு மணி நேரத்தைக் கேனைக் கட்டிக்கொண்டு கழித்தேன். என் மனைவியைக்கூட அவ்வளவு நேரம் அணைத்துக்கொண்டிருந்ததில்லை. தண்ணீரில் விரல் வைத்தேன். காலை நேரத்துக்குச் சம்பந்தமில்லாத வெதுவெதுப்பு. இடுப்பளவு ஆழத்தில் தேசப்பன் இறங்கி வலையை இழுத்தபோது அவர் காலடியிலிருந்து சாம்பல் புகைபோல் எழுந்தது. வலையில் வந்த உளுவைகள் ஒல்லியாக, கறுத்து, துள்ளின. கோமதி துடுப்பை நறுக்கிக் குப்பியில் போட்டு, மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டாள்.

திடீரென்று எங்கிருந்தோ சங்கு ஊதியது. நான் படகின் அடியில் படுத்துவிட்டேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஷிப்ட் சங்கு நைனா. எழுந்துரு."

எழுந்தேன். பயப்படும்படியான சங்கு என்று வேறு இருக்கிறதா என்று கேட்டேன். விட்டு விட்டு ஊதினால் ஆலையில் வாயு கசிகிறது என்று அர்த்தம், வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்றார். சொல்லிவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். வேண்டுமென்று பார்க்கவில்லை, நாம் சாலையைக் கடக்கும்போது வலப்பக்கம் பார்ப்போமே, அப்படி. அதுவரை நான் பட்டது பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. கரை சேரும்வரை என் நனைந்த கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தேசப்பன் வீட்டில் பழவேற்காட்டு உளுவை குழம்பாகி எங்கள் முன் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அமிர்தம். இரண்டாவது முறை சோறு வாங்கும்போது, நீங்கள் தினமும் எந்த மீன் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நம்ம ஆத்து மீன்தாண்ணே. எங்களுக்கு இன்னா, பழகிப்பூட்ச்சு" என்றார் கன்னியம்மா, இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தபடி.

கோமதி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே தேசப்பன் இருமுகிற சத்தம் கேட்டது. சாதாரண இருமல்தான், யாருக்கும் வருவதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் பெட்டியை யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்வதே என் வேலை. கோமதி ஒவ்வொரு நிலையத்திலும் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். மாலையில் எங்கள் அடுக்ககத்து லிப்டில் நாலாம் மாடிக்காரர் ஏறினார். எங்கே போய் வந்தீர்கள் என்றார். எண்ணூர் என்றேன்.

"ஐயோ! அங்க எப்படித்தான் இருக்காங்களோ" என்று முகம் சுளித்தவர், தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். "பழகியிருக்கும், இல்ல?"

இப்படிப்பட்ட இடத்தில் சட்டென்று ஒரு ஜோக் விடுவதற்குப் பேர்போனவன் நான். அவரும் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார். எங்களைச் சத்தமில்லாமல் மேலே இழுத்துக்கொண்டிருக்கும் மின்சாரம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நாலாம் மாடி வந்தது. கதவு திறந்து, மூடியது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஜோக் இன்னும் வரவில்லையே என்று நின்றுகொண்டிருந்தேன்.