காலி டோனர் வாங்க வந்தவர்

குன்றின்மேல் நின்றருளும் குமரன் திருவடி போற்றி. இன்று கிருத்திகை. குன்றத்தூர் அடியவர்களுக்கெனத் துதிப்பாடல்களை அச்சிடுகையில் காலி டோனர் வாங்க வருபவரின் நினைவு வந்தது.

முடிச்சூரில் நான் தனியே வாழும் வீட்டுக்கு, அச்சுப்பொறியின் மை தீர்ந்த டோனர் பெட்டிகளை வாங்கிப்போக மாதந்தோறும் வருவார். அவற்றில் மீண்டும் பொடி நிரப்பி விற்கும் பட்டறையின் ஆள். மெலிந்த உடல், கழுவியும் போகாத நகக்கருமை. பெட்டியைக் காதருகே குலுக்கிக் கேட்டு, "இன்னும் பத்துப் பக்கம் வரும் சார், அப்பால குடுங்க" என்று சில நாள் திருப்பித் தந்துவிடுவார்.

கடைசியாக வந்த அன்று என்னிடம் பெட்டி இல்லை. புதியதைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் பழையதைக் கையோடு வாங்கிச் சென்றிருந்தார். தயங்கித்தான் சொன்னேன்.

"எல்லா வூட்லயும் அவன்தான் முந்திக்கினான் சார். அவனும் ரொப்பித்தான் விப்பான், பொருள் வீணாப் போவாது" என்று சிரித்தார். "இந்தப் பக்கம் உங்க வூடு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. இனிமே வர வேல இல்ல."

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். வேலை இல்லாமலும் வரலாமே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் தெருமுனையைக் கடந்துவிட்டார்.

இதை வாசிப்போர் வாசலில், காரியம் ஏதுமின்றியும் ஒருவர் வந்து நிற்க முருகன் அருள்க.