கூட்டாத அறை

1997 ஒக்டோபர், சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஸ்காபரோவில் என் தங்கை வதனியின் பத்தாம் மாடி வீட்டில் வாக்கூம் கிளீனர் இரைந்துகொண்டிருந்தது. தூசியைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"காலைத் தூக்குங்கோ, அண்ணை. எங்கை வெளிக்கிட்டிட்டியள்?"

"உன்ரை ஜப்பான்கார ரீச்சரிட்டை."

"அதுக்கு முதல் நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. இஞ்சையே நிண்டிடுங்கோவன்."

பதில் அவளுக்கே தெரியும். கொழும்பில் மனைவி, பிள்ளைகள், பத்திரிகை வேலை. ஒரு மாத விசாவில் மூன்று கிழமை முடிந்திருந்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எக்ளின்ரன் வீதியில் பஸ்ஸுக்கு இரண்டு டொலர். "டிரான்ஸ்பரைத் தொலைத்துவிடாதீர்கள், ரயிலில் திரும்பவும் காசு கேட்பார்கள்" என்று சாரதி துண்டைக் கிழித்துத் தந்தார். கென்னடி நிலையத்தில் சுரங்க ரயிலுக்கு மாறினேன். நகரத்தின் கிழக்கு முனையிலிருந்து மேற்கே இஸ்லிங்டன் வரை முக்கால் மணி நேரம். போகும் வழியில் புத்தகத்தை இன்னொருமுறை விரித்தேன்.

ஆங்கிலத்தில் வந்த ஜப்பானியச் சிறுகதைத் தொகுதி அது. எல்லாக் கதையிலும் ஒரு வெளிநாட்டுக்காரன் வந்து போகிறான். நான் தமிழில் மொழிபெயர்த்த கதையில் ஒரு வெள்ளைக்கார ஆசிரியன் துறைமுக ஊர் வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறான். வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கிறான். சுதந்திரம் பற்றி ஓயாமல் பேசுகிறான். வீட்டுக்காரன் வாய் பிளந்து கேட்கிறான். மனைவி நிலத்தைத் துடைக்கிறாள். அவன் கப்பலேறிய அன்று, "அந்த அறையைக் கூட்டு" என்கிறான் கணவன். அவள் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு அரிசி கழுவப் போகிறாள். கதை முடிந்தது.

விருந்தாளியிடம் சுதந்திரம் கற்றுக்கொண்ட பெண்ணின் முதல் கலகம் இது என்று முன்னுரைக்காரர் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பயணம் போனவரின் காலடி ஆறுமுன் வீட்டைக் கூட்ட நம் வீடுகளில் யாருக்குக் கை வரும்? செத்த வீட்டில் அல்லவா உடனே கூட்டுவார்கள். ஆனால் அது நம்முடைய பழக்கம். ஜப்பானியப் பெண்ணின் தலையில் அதை நானாகக் கட்டியிருந்தால் கதையைக் கெடுத்தவன் ஆவேன். ஊருக்குப் போனதும் சஞ்சிகையில் அச்சேறப் போகிற கதை. கேட்காமல் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

வதனி வேலை செய்யும் பல் வைத்தியரிடம் வந்து பழக்கமானவர் மிச்சிகோ, இளைப்பாறிய ஆசிரியை. பதினொன்றேகாலுக்குக் கதவைத் திறந்தவர் என் காலைப் பார்த்தார். நான் ஏற்கெனவே சப்பாத்தைக் கழற்றியிருந்தேன். தேநீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை வாங்கிக் குடித்தேன், இருவருக்கும் திருப்தி.

கதையைச் சொன்னேன். முன்னுரையையும் என் சந்தேகத்தையும் சொன்னேன்.

"என் அம்மாவும் கூட்டமாட்டார்" என்றார் ஆங்கிலத்தில். "போனவர் திரும்பி வராமல் போய்விடுவாராம்."

"அப்படியென்றால் முன்னுரை பிழைதானே?"

"அவசரப்படாதீர்கள். எத்தனையோ பேர் அந்த வீட்டுக்கு வந்து போயிருப்பார்கள். ஆனால் கணவன் கூட்டு என்று சொல்லியும் அவள் கூட்டாமல் விட்டதாகக் கதை சொல்வது இவனுக்கு மட்டும்தான். சப்பாத்தோடு நடந்தவன்தான், என்றாலும் அவன் போனது அவளுக்கு வலித்திருக்கிறது."

நான் யோசிக்காத இடம் அது. வெளியே இருந்து வந்த சுதந்திரப் பேச்சும் உள்ளே இருந்த வழக்கமும் ஒரே விளக்குமாற்றில் வந்து நின்றுவிட்டன. திரும்பும் ரயிலில் என் தமிழ் வரியைப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடிக்குறிப்பும் தேவையில்லை, நம் ஆட்களுக்கு விளங்கும்.

அடுத்த சனி பின்னேரம் மூன்று மணிக்கு டாக்சி வந்தது. மிசிசாகாவில் உள்ள விமான நிலையத்துக்கு வதனி வரவில்லை. "எனக்கு உந்த எயார்போர்ட் அழுகையெல்லாம் சரிவராது" என்றாள். அறையில் என் படுக்கை குலைந்து கிடந்தது, கதிரைக்கடியில் பாண் துகள். அவள் அதைப் பார்த்தும் வாக்கூமை எடுக்கவில்லை.

கொழும்பில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் போன் எடுத்தேன்.

"வந்து சேர்ந்திட்டன், வதனி. இனி நீ வாக்கூம் போடலாம்."



"கிடக்கட்டும், அண்ணை" என்றாள். "நாளைக்குப் பாப்பம்."

அடுத்த கிழமை எடுத்தபோதும் அவள் அதையே சொன்னாள்.