அரணகத்தின் இரண்டாவது சூரியனும் எங்கள் ஏழாவது லாட்டும்

அரணகத்துக்குப் போவது எப்படி என்று கேட்டு இந்தப் பக்கத்துக்கு அடிக்கடி செய்தி வருகிறது. போன மாதம் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தேன். வந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது, எழுந்துவிட்டேன். இன்றைக்கு எதையும் விடாமல் எழுதப் போகிறேன்.

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் வந்ததிலிருந்து பெட்டி கட்டி அனுப்பும்வரை எது கோளாறானாலும் திட்டு வாங்குகிற வேலை. அரணகம் இரண்டு வருடமாக எங்களிடம் சட்டை வாங்குகிற பையர். கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு உலகம், வானத்தில் இரண்டு சூரியன், நாடு முழுக்கப் பட்டாளம் என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். எங்கள் முதலாளிக்கு அது இன்னொரு ஷிப்பிங் அட்ரஸ், அவ்வளவுதான். அடுத்த வருட ஆர்டரைப் பேசி முடிக்க என்னை அனுப்பினார்.

திருப்பூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து காலை 5.40-க்கு பஸ். கணவாய் அடிவாரத்துக்கு டிக்கெட் 85 ரூபாய். நான் திருமுருகன்பூண்டியில் ஏறிக்கொண்டேன். சிலைப் பட்டறைகளில் அப்போதுதான் உளிச் சத்தம் ஆரம்பித்திருந்தது. ஜன்னல் சீட் கிடைத்தது, நன்றாகத் தூங்கினேன். 9.15-க்கு அடிவாரம். அங்கிருந்து 11 கிலோமீட்டர் நடை, எனக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. வழியில் கடை கிடையாது, தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். பாதி தூரத்துக்கு மேல் மூடுபனி, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பனி விலகியதும் கோட்டை வாசல் தெரியும்.

வாசலில் பழனிசாமி அண்ணன் கோவேறுகழுதை வண்டியோடு காத்திருந்தார். சொந்த ஊர் மங்கலம். பன்னிரண்டு வருடம் முன்னால் துணி லோடு கொண்டுவந்தவர், அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார். பேச்சு மட்டும் மங்கலத்தை விட்டு நகரவில்லை. ஊருக்குள் 14 கிலோமீட்டர், ஆறு செப்புக்காசு. வண்டியில் ஏறும் முன்பே எச்சரித்தார்.

"அம்மணி, இங்க ரோட்டுல எடம் பாத்து நடக்கோணுங்க. சோத்துக்கைப் பக்கம் கரும்பச்சைச் சட்டைக்காரங்க. பீச்சாங்கைப் பக்கம் வெளுத்த சட்டைக்காரங்க. வெளுத்தவீங்ககிட்டப் பேசறதும் இல்லீங்க, கும்பிடறதும் இல்லீங்க."

அந்த நாட்டில் எல்லோரும் பட்டாளம்தான். ரொட்டி சுடுகிறவருக்கும் பதவி உண்டு, பிரசவம் பார்க்கிறவருக்கும் உண்டு. சாப்பாட்டுக்கு முரசு, படுக்க முரசு. வீட்டு வாசலில் செருப்புகள்கூட நுனி தெருவைப் பார்த்து, ஓடத் தயாராக இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே கரும்பச்சைப் பனியன் சட்டை. போரில் பின்வாங்கியவருடைய சட்டையைச் சுண்ணாம்பு நீரில் வெளுத்து அவருக்கே போட்டுவிடுவார்கள். ஜெயில் கிடையாது, அதுதான் தண்டனை. சட்டை தானாக வெளுத்தாலும் அதே கணக்கு, சட்டையே குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்பார்கள். இந்தச் சட்டம் நம் கம்பெனியில் இருந்தால், மெஷின் நின்றதும் ஓடி ஒளிகிற மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் தும்பைப்பூ வெள்ளைதான் என்று நான் சொல்ல, அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று மணிக்குக் கீழை மதிலை ஒட்டி வண்டி போனபோது இரண்டாவது சூரியன் எழுந்தது. சின்னது, செம்மண் நிறம். அதன் வெளிச்சம் விழுந்ததும் சாலையின் இடப்பக்கம் மண்கூடை சுமந்து போய்க்கொண்டிருந்தவர்களின் சட்டையெல்லாம் காய்ந்த வாழை இலை மாதிரி வெளுத்தது. வலப்பக்கத்துச் சட்டைகள் அப்படியே கருத்திருந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி, அருகில் போன ஒருவரின் சட்டை ஓரத்தைப் பார்த்தேன். எங்கள் தையல், எங்கள் லேபிள், லாட் நம்பர் ஏழு.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறையில் ஒரே நிறத்தை இரண்டு தடவை போட்டால் இரண்டும் அச்சாக ஒன்றாக வராது. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். அதனால் ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒவ்வொரு தடவை சாயம் போட்ட துணியையும், பையர் சொல்கிற வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அரணகத்தார் ஆர்டரோடு ஒரு பித்தளை விளக்கே அனுப்பியிருந்தார்கள், அவர்களுடைய இரண்டாவது சூரியனின் வெளிச்சம் தருவது. ஆறு லாட்டை அதன் கீழேதான் பார்த்தேன். ஏழாவது வந்த அன்று லாரி வாசலில் நின்றது, விளக்கு அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. டியூப் லைட்டில் பார்த்து ஓகே என்று கையெழுத்துப் போட்டேன்.

இடப்பக்கம் ஒரு பெண் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அண்ணன் தடுத்தும் கேளாமல் போய்ப் பேசினேன். பெயர் தழலி. நம் வியாபாரிகளிடம் பழகிய தமிழ், ஆனால் அந்த ஊரார் கட்டளை மாதிரி வெட்டி வெட்டிப் பேசுவார்கள், நம் 'ங்க' எல்லாம் கிடையாது. பத்தொன்பது வருடம் மதில் காவலில் இருந்தவர்.

"புதுச் சட்டை தந்தார்கள். மதியம் வெளுத்தது. எங்கள் அணியில் எண்ணூறு பேருக்கும்," என்றார். "சட்டை பொய் சொல்லாது."

"நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க?"

"தேடினேன். கிடைத்தது. மகளுக்குக் காய்ச்சல். காவலில் நின்றேன். விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. நினைத்தேன். சட்டைக்குத் தெரிந்திருக்கிறது."

அந்த மகள் இப்போது வலப்பக்கமாக, முகம் திருப்பாமல் போகிறாளாம். முரசு நாள் என்கிற அணிவகுப்பு நாள் வருவதற்குள் நிறம் திரும்பாவிட்டால் வெளுத்தவர்களை வெளி அகழிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஊருக்குள் வர முடியாது. மகளைத் தூரத்தில்கூடப் பார்க்க முடியாது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "துணி எப்படி இருக்குதுங்க?" பையரிடம் கேட்கிற அதே கேள்வி.

தழலி சட்டையைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி. மிருது. குறை என்னிடம்," என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பண்டகசாலை அதிகாரியைப் பார்த்தேன். நரைத்த மனிதர். ஆர்டர் பேச்சுக்கு முன்னால் ஒன்று கேட்டார்: "நாங்கள் கேட்ட நிறத்தைத்தானே அனுப்பினீர்கள்?"

"ஆமாங்க. அப்ரூவ்டு ஷேடு தானுங்க."

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தாலாவது பரவாயில்லை. பையர் நிறத்தைப் பற்றி வாயெடுத்தாலே எங்கள் ஊரில் இந்தப் பதில் தானாக வந்துவிடும். இருபது வருடப் பழக்கம். அவர் கையில் எடுத்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்ல வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டார் என்பது இப்போது புரிகிறது. பிறகு, "அப்படியென்றால் சட்டை சொன்னது சரி," என்று அடுத்த வருட ஆர்டரில் முத்திரை வைத்தார். நான் நன்றி வேறு சொன்னேன்.

திரும்பும்போதும் பழனிசாமி அண்ணன் வண்டிதான்; நான் லேபிளைப் புரட்டிப் பார்த்ததை அவர் கவனித்திருக்கிறார். வாசலில் இறங்கும்போது கேட்டார்: "அம்மணி, அந்தத் துணி வெவரம் உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களா?" நான் ஆறு காசை நீட்டினேன். வாங்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உடு கண்ணு, அவிங்களே ஒத்துக்கிட்டாங்கல்லொ? நாம எதுக்குத் தலையக் குடுக்கோணும்?" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. உண்மையை மறைத்துவிட்டு வந்தவளே நான்தானே. அன்று சாயங்காலம் பித்தளை விளக்கைத் தேடி எடுத்துத் துடைத்து, ஆறாவது லாட்டில் ஒரு துண்டையும் ஏழாவது லாட்டில் ஒரு துண்டையும் அதன் கீழே வைத்தேன். சின்னக் குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். விளக்கை ஏற்றிப் பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கணவாயில் குளிர் அதிகம், ஸ்வெட்டர் வேண்டும். போன் எடுக்காது. செப்புக்காசை வாசலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மதில்மேல் ஏறக் காலையில் மட்டும் அனுமதி, அங்கிருந்து தெரியும் ஏரியைத் தவறவிடாதீர்கள். இடப்பக்கம் நடப்பவர்களைக் கும்பிடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். கும்பிடுங்கள்.

முரசு நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை 5.40 பஸ்ஸில் பூண்டியில் ஏறுகிறேன். முதலாளிக்கு லீவ் லெட்டர் கொடுத்தேன், காரணத்தையும் எழுதித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று தெரியாது. பையில் விளக்கும் அந்த இரண்டு துண்டுத் துணியும் இருக்கின்றன. அந்த அதிகாரி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கேட்காவிட்டாலும் தழலியை அவர் முன்னால் நிறுத்திவைத்துச் சொல்லிவிடுவேன்: "இல்லீங்க. சட்டை பொய் சொல்லுச்சுங்க. சொல்ல வெச்சது நானுங்க."