விலாவுக்குக் கீழே ஒரு துள்ளல்

பேருந்துப் பணிமனையில் அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வண்டிகளுக்கு பிரேக் பார்ப்பது அவருடைய வேலை. மற்றவர்கள் பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டு, சரி என்று கையைக் காட்டிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பார். எழுந்து நாலடி நடப்பார். மனம் கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு முறை தொடுவார்.

"மாமா, வண்டி கிளம்பட்டுமா, இல்ல நான் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரட்டுமா?" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அதே பணிமனையில் ஓட்டுநர்.

வீட்டிலும் இதே கதைதான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அடுப்பை அணைத்தாயிற்று என்று மனைவி சொன்னால் போதாது, குமிழைத் தொட வேண்டும். "நான் சொல்றதைவிட அந்தக் குமிழ் சொல்றதுதான் உங்களுக்குப் பெருசு" என்பாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்கு, வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்கவே வழியில்லாத ஒரு கருவி வந்து சேர்ந்தது. அதுவும் மனைவியின் நெஞ்சுக்குள்.

அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று நாள் முழுக்க மாடி ஏறி இறங்கியவள். மூச்சு வாங்க ஆரம்பித்தபோது வயசு என்றாள். பிறகு, எடை கூடிவிட்டது என்றாள். பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள். அதற்குள் ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் நாற்காலியில் சாய்ந்துதான் தூங்க முடிந்தது.

மாத்திரைகள் பாதி வேலைதான் செய்தன. டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இதயத்தோட ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சுருங்கணும். இவங்களுக்கு இடது பக்கம் பிந்திப் போகுது. ஒண்ணு இழுக்கும்போது இன்னொண்ணு சும்மா நிக்குது. அதனால ரத்தம் முழுசா வெளிய போக மாட்டேங்குது."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு பக்கச் சக்கரம் பிந்திப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும், எதில் போய் முட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று. புரியாதவர்கள் கொஞ்சமாவது தூங்குவார்கள்.

கழுத்தடியில், காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு கருவி வைப்பார்கள். அதிலிருந்து இதயத்துக்குக் கம்பிகள் போகும். ஒரு கம்பி, பிந்துகிற இடது பக்கத்தைச் சரியான நேரத்தில் தட்டி எழுப்பும். ஆனால் இவளைப் போன்ற நோயாளிகளுக்கு அது எவ்வளவு பலன் தரும் என்பது உறுதியாகவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி நடக்கிறது என்றார் டாக்டர். சேருகிற எல்லோருக்கும் கருவியை வைப்பார்கள். பாதிப் பேருக்கு இடது கம்பி வேலை செய்யும். மீதிப் பேருக்கு ஆறு மாதம் அது சும்மா கிடக்கும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். நடுவில் நோயாளியின் நிலை மோசமானால் ரகசியத்தை உடைத்துப் பார்ப்பார்கள். ஆறு மாதம் முடிந்தால் எல்லோருக்கும் ஓட விடுவார்கள்.

"யாருக்கு ஓடுதுன்னு உங்களுக்கும் தெரியாதா டாக்டர்?"

"தெரியாது. தெரிஞ்சா, நான் நினைக்கிறதையேதான் என் கண்ணு பார்க்கும். கருவியைச் சரிபார்க்கிற பொண்ணுக்கு மட்டும் தெரியும். அவங்க சொல்ல மாட்டாங்க, நீங்களும் கண்டுபிடிக்க முயற்சி பண்ணக் கூடாது." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "இடது கம்பிக்குப் பக்கத்துல, மூச்சு விடற தசைக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கு. மின்சாரம் அதுல பட்டா விலாவுக்குக் கீழ விக்கல் மாதிரி துள்ளும். ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா துள்ளினா உடனே சொல்லிடுங்க" என்றார்.

அவர் யோசிக்க வேண்டும் என்றார். மனைவி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "இவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு நின்னுடும் டாக்டர்."

கருவியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். ஓடுகிறதா, ஓடவில்லையா? அவள் ஒருநாள் தெம்பாக இருந்தால், ஓடுகிறது என்று நினைப்பார். மறுநாள் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினால், செத்த கம்பியைச் சுமந்துகொண்டு நிற்கிறாள் என்று நினைப்பார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கருவி பார்க்கும் பெண் எதிரே வந்தால் அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பார். அந்தப் பெண்ணோ, வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் போய்விடுவாள். பணிமனையிலும் கை ஓடவில்லை. ஒரு வண்டியை ஐந்து முறை தொட்டுப் பார்த்தும் சந்தேகம் தீராமல் ஆறாவது முறை உட்கார்ந்தார். மச்சினன்கூட அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்க, விலாவின் மேல் மெல்லக் கையை வைத்தார். உள்ளங்கையில் ஏதோ துள்ளியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். நாடியோடு நாடியாக, உள்ளேயிருந்து ஒரு சின்ன உதை. இப்போது வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் வயிற்றில் இருந்த காலத்தில் இப்படித்தான் கையை வைத்துப் பார்த்துப் பதறியிருக்கிறார்.

மின்சாரம் போனால்தான் துள்ளும் என்று டாக்டர் சொன்னார். துள்ளுகிறது. அப்படியென்றால் ஓடுகிறது. அவர் சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சரிசெய்துவிடுவார்கள். சரிசெய்துவிட்டால் பிறகு எதைத் தொட்டுப் பார்ப்பது? அதோடு, கண்டுபிடிக்கக் கூடாததைக் கண்டுபிடித்துவிட்டோம், தெரிந்தால் மனைவியை ஆராய்ச்சியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்களோ என்கிற பயமும் இருந்தது. தினமும் மதியம் வந்தார், கையை வைத்தார், துள்ளலைப் பார்த்துவிட்டுப் போய் நிம்மதியாக வண்டிகளைப் பார்த்தார். அந்த நாட்களில் மனைவியும் தேறினாள். தெருக்கோடி வரை நடந்தாள். காப்பகத்துக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு மனைவி மட்டும் உள்ளே போய் வந்தாள். மறுநாள் மதியம் அவர் கையை வைத்தார். ஒன்றும் இல்லை.

கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். மூச்சு ஏறி இறங்கியதே தவிர, உதை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் பார்த்தார். கம்பி நழுவிவிட்டதா? பழுதா? அல்லது அணைத்துவிட்டார்களா? கேட்கலாம் என்றால், இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்பார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை போய், வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

வாயைத் திறக்காதவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. துடைப்பத்தைப் பிடுங்கினார். தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினார். மாடிப்படி வேண்டாம், தெருக்கோடி வேண்டாம், காப்பகம் பக்கமே போக வேண்டாம் என்றார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். மற்ற நாளாக இருந்தால் மனைவி ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னபடி படுத்துக்கொண்டாள். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஒருநாள் கேட்டாள். "டாக்டர் உங்ககிட்டத் தனியா ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே. என்ன சொல்லப் போறார்? ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மச்சினன் பார்க்க வந்தான். "ஆபரேஷன் அக்காவுக்கா, மாமாவுக்கா? மாமா மூஞ்சிதான் படுக்கையில கிடந்த மூஞ்சி மாதிரி இருக்கு" என்றான். அவர் சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது மனைவியின் குரல் கேட்டது.

"எனக்கப்புறம் மாமாவைத் தனியா விட்டுடாதடா. பூட்டைப் பூட்டினாரான்னு பார்த்து, பூட்டியாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. யாராவது சொன்னாத்தான் அவருக்குத் தெருவைத் தாண்டக் கால் வரும்."

அவர் தம்ளரோடு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தார். கம்பி செத்துவிட்டது அவள் உடம்புக்கே தெரிகிறது.

அடுத்த பரிசோதனை ஐந்தாம் மாதம், ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் நடந்தது. ஆறு நிமிடம் தன்னால் முடிந்த வேகத்தில் அவள் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். நர்ஸ் கூடவே நின்று, எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். "நல்லா நடக்கறீங்க. இப்படியே நடங்க." கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. போன முறை தாழ்வாரத்தின் கோடிக்கும் கோடிக்குமாகப் போய் வந்தவள், இந்த முறை பாதியிலேயே சுவரைப் பிடித்தாள். தொடை நடுங்கியது. நர்ஸ் நாற்காலியை நகர்த்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்து வந்தார்.

டாக்டர் அளவைப் பார்த்தார். முகம் மாறியது. "ரொம்பக் குறைஞ்சிருக்கு. இனிமே காத்திருக்க முடியாது. ரகசியத்தை உடைக்க அனுமதி கேட்கிறேன்" என்று எழுந்து போனார். அவர்கள் இருவரும் அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கருவி பார்க்கும் பெண்ணோடு திரும்பி வந்தார். மனைவியின் கையை விட்டுவிட்டு அவர் எழுந்தார்.

"எனக்குத் தெரியும் டாக்டர். அணைஞ்சு போச்சு. முதல்ல துள்ளிச்சு, விலாவுக்குக் கீழ. தினமும் கை வச்சுப் பார்த்தேன். மூணாம் மாசத்துக்கப்புறம் துள்ளல. சொல்லாம மறைச்சது என் தப்பு. என்னை என்ன வேணா பண்ணுங்க, இவளை அனுப்பிடாதீங்க."

கருவி பார்க்கும் பெண் டாக்டரைப் பார்த்தாள். சொல்லலாம் என்று டாக்டர் தலையை அசைத்தார்.

"அணையலீங்க" என்றாள் அவள். "முதல் நாள்ல இருந்து ஓடிட்டுதான் இருக்கு. அந்தக் கம்பியில மின்சாரம் விடற முனை நாலு இருக்கு. துள்ளுதுன்னு இவங்க சொன்னாங்க. நரம்புல படாத வேற முனைக்கு மாத்தினேன். அவ்வளவுதான்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"துள்ளினா சொல்லணும்னு டாக்டர் சொன்னாரில்ல? சொன்னேன்" என்றாள் மனைவி. "தினமும் மதியம் வந்து கை வச்சீங்க. அது துள்ளும்போதெல்லாம் உங்க கையும் துள்ளுச்சு. நான் கண்ணை மூடிட்டுதான் படுத்திருந்தேன், தூங்கல. இந்த மனுஷன் பயந்தே செத்துடுவாருன்னு தோணுச்சு. அதான் நிறுத்தச் சொன்னேன். கோளாறுன்னு உங்ககிட்ட வேற சொல்லி ஏன் கலங்கடிக்கணும்னு விட்டுட்டேன்."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். "கருவி சரியா இருக்கு. இன்னைக்கு எடுத்த ஸ்கேன்லயும் போன தடவையைவிட இதயம் நல்லாவே சுருங்குது. ஆனா காலுக்குத்தான் பலம் இல்ல. நடக்கறதே இல்லையா நீங்க? யாரு நடக்க வேணாம்னு சொன்னது?"

புருஷனைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் மனைவிக்கு இல்லை.

"நான்தான்" என்றார் அவர்.

"ஏம்மா, நீங்களும் சரின்னு படுத்துட்டீங்களா?"

"இவர் பயந்த பயத்தைப் பார்த்தேன் டாக்டர். நீங்க இவர்கிட்ட நாள் குறிச்சுச் சொல்லிட்டீங்க, இவர் எங்கிட்ட மறைக்கறாருன்னு நினைச்சேன். போறதுன்னு ஆயிடுச்சு, அப்புறம் நடந்து என்ன ஆகப் போகுதுன்னு..." அவள் குரல் உடைந்தது. "தினம் தினம் செத்தேன் டாக்டர்."

தன் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் வண்டிகளை ஆபத்தில்லாமல் அனுப்பிய கை. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது.

இன்றிலிருந்தே நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றார் டாக்டர். முழுசாகத் தேறுவாளா என்று அவர் கேட்டதற்கு, "போகப் போகத்தான் தெரியும்" என்றார்.

வெளியே நீண்ட தாழ்வாரம் காலியாக இருந்தது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாங்கிப் பிடிக்க அவர் கையை நீட்டினார். பிறகு, பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்.

"டாக்டர் முகத்தைப் பார்த்தீங்க, அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தீங்க, என் விலாவைத் தொட்டுப் பார்த்தீங்க" என்றாள் அவள். "எங்கிட்ட ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டீங்களா?"

அவர் நீட்டிய கையைக் கீழே இறக்கினார்.

"எப்படிம்மா இருக்கு உனக்கு?"

"பயமா இருக்குங்க."

"எனக்கும்."

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள்.