கீழே போகும் தேநீர்

அம்மாவின் நீல பிளாஸ்க் இன்னும் குசினி யன்னலோரம்தான் இருக்கிறது. சுவிஸில், பூம்ப்ளிஸில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில். அங்கிருந்து எத்தனையோ தடவை அந்த பிளாஸ்க் கீழே போய் வந்திருக்கிறது.

தங்கைக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசையாக இறுகி, கிருமிகளுக்கு வசதியான குடியிருப்பாகிவிடும் வியாதி. அவளுடைய உயிர்த்தோழியும் அதே வியாதிக்காரி, ஒரு சுவிஸ் பெண். ஆஸ்பத்திரியில் அவரவர் அறை வாசலில் நின்றபடி கதைத்துச் சிநேகமானவர்கள். ஒருத்தியின் கிருமி மற்றவளுக்குத் தொற்றிவிடும் என்று டொக்டர் இருவரையும் கிட்ட விடவேயில்லை. அதனால் அவள் எங்களிடம் வந்தால் கீழே புல்வெளியில் நிற்பாள். தங்கை பால்கனியில் நிற்பாள். ஒருவரையொருவர் பார்த்தபடி கைபேசியில் கதைப்பார்கள், சிரிப்பார்கள், இருமுவார்கள். அம்மாவுக்குத்தான் மனம் பொறுக்காது. “வீடு தேடி வந்த பிள்ளையை வெளியில நிக்க வைக்கிறது என்ன பழக்கம்? ஒருநாளைக்கு மேசையில இருத்திச் சோறு போடுவன்” என்று முணுமுணுத்தபடி, கையை நன்றாகக் கழுவிவிட்டு, பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரோடு இறங்குவார். தங்கைக்கும் அந்த ஆசைதான்.

பிறகு தங்கையின் சளியில் புதிதாக ஒரு கிருமி. மண்ணிலும் தண்ணீரிலும் சாதுவாக இருப்பதாம், நம்மை ஒன்றும் செய்யாதாம். அவளுக்குள் போனதும் எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. பழைய கிருமிகளைப் பெயர் சொல்லித் திட்டுகிறவள், இதைத் திட்டவில்லை. அந்த நேரம் பார்த்து இந்த வியாதிக்கென்றே வந்த புதுமாத்திரை தோழியின் மரபணுவுக்குப் பொருந்தியது, தங்கையினதுக்குப் பொருந்தவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. தங்கையோ, “இனி அவள் மூச்சிளைக்காமல் படி ஏறுவாள். நாங்கள்தான் உள்ளுக்கு விடமாட்டம்” என்று சிரித்தாள்.

பனிக்காலத்தில் தங்கை போய்விட்டாள். தகனம் முடிந்த மறுநாள், தோழி முதல் தடவையாக எங்கள் படியேறி வந்தாள். மேசையில் சோறு இருந்தது. கதவைத் திறந்த அம்மா கையை உயர்த்தி மறித்தார். “வராதை பிள்ளை. அந்தக் கிருமி இன்னும் இஞ்சை எங்கையாவது இருக்கும்.” தமிழில்தான் சொன்னார். அவளுக்கு விளங்கிவிட்டது. படியிலேயே இருந்து அழுதாள். அம்மா பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு அவளோடு கீழே இறங்கினார். இருவரும் பனியில் நின்று குடித்ததை நான் தங்கையின் பால்கனியில் நின்று பார்த்தேன்.

வீடெல்லாம் துடைத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். அம்மா கேட்பதாயில்லை. போன கிழமையும் அவள் வந்தாள். தேநீர் கீழேதான் போனது. வெறும் பிளாஸ்க்கோடு மேலே வந்த அம்மா, “பிள்ளை இப்ப இருமுறதே இல்லை” என்றார். சொல்லிவிட்டு, அதைக் கழுவாமல் குழாயடியில் அழுதுகொண்டு நின்றார்.